குடியரசுத் தலைவர் தேர்தலும் நம் தலைக்கணக்கும்

நம் நாட்டுக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? இந்தக் கேள்வியை நம் மன்ற நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "மக்கள்" என்றார் ஒருவர். "பாராளுமன்ற உறுப்பினர்கள்" என்றனர் மூவர். "பிரதமர் யாரைச் சொல்லுகிறாரோ அவர்தான், இதிலென்ன சந்தேகம்?" என்றார் வணிகம் பயிலும் இன்னொருவர். மூன்று விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. முழு விடை எதிலும் இல்லை.

இரசாயனம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அரசியல் எனக்குத் துறையன்று. ஆனால் இத்தேர்தலுக்குள்ளே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வகுத்தல், பெருக்கல், மீதியைத் தள்ளுதல் என்று எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்குத்தான். அதைப் போட்டுப் பார்த்தபோது தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் ஒரு பக்கமும், திருநெல்வேலிச் சீமை மறு பக்கமுமாக விடையில் வந்து நின்றன. நம் பத்திரிகைக்கு எழுதத் தூண்டியது அதுவே.

முதலில் வாக்களிப்போர் யாவர் என்று பார்ப்போம். அரசியல் அமைப்புச் சட்டத்தின் 54ஆம் விதி கூறுவது இது: பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், மாநிலச் சட்டசபைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். டில்லி, புதுச்சேரிச் சட்டசபைகளும் 1992இல் வந்த 70ஆம் திருத்தத்தால் இதில் சேர்ந்தன. இக்கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'எலெக்டோரல் காலேஜ்' என்று பெயர். கல்லூரி என்றாலும் இங்கே வகுப்பு இல்லை, விரிவுரை இல்லை. ஐந்தாண்டுக்கு ஒரு நாள் வருகைப் பதிவு மட்டுமே. நமக்கு வாய்க்காத கல்லூரி! 2022இல் இதன் உறுப்பினர் தொகை 4,809. அவர்களுள் பாராளுமன்றத்தினர் 776 பேர், சட்டசபையினர் 4,033 பேர்.

'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நியமன உறுப்பினருக்கு இங்கே இடமில்லை. 2022இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட இசையமைப்பாளர் இளையராஜாவுக்குக் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் வாக்கு உண்டு, குடியரசுத் தலைவர் தேர்தலில் இல்லை. அவ்வாறே மேலவைகளுக்கும் இடமில்லை. மராட்டிய மாநிலத்து மேலவையில் 78 பேர் இருக்கிறார்கள். நரிமன் முனையிலுள்ள விதான பவனத்தில் வாக்குப்பதிவு நடக்கும் நாளன்று அவர்கள் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே.

சரி, மக்களே நேரில் வாக்களித்தால் என்ன? இதை அரசியல் நிர்ணய சபையிலேயே கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் நம் ஊர்க்காரர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கே. டி. ஷா. வயது வந்தோர் அனைவரும் நேரடியாகக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் திருத்தம் கொண்டுவந்து வாதாடினார். மறுத்துப் பேசிய அம்பேத்கரும் பம்பாய்வாசிதான். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தாதர் இந்து காலனியில், 'ராஜகிருகம்' என்ற அவருடைய இல்லம் இன்றும் நிற்கிறது. வாக்காளர் தொகை மிகப் பெரிது. அத்தனை பேரையும் வாக்களிக்கச் செய்ய ஆட்கள் போதா. எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கையில் தலைவருக்கு மட்டும் நாடு தழுவிய நேரடித் தேர்தல் பொருந்தாது என்பது 1948 டிசம்பரில் அவர் தந்த விடையின் சாரம். 1947 ஜூலையிலேயே நேருவும் ஏறத்தாழ இதைத்தான் சொல்லியிருந்தார். கோடிக்கணக்கான மக்கள் நேரே தேர்ந்தெடுத்த ஒருவர் பிரதமர் சொற்படி கையெழுத்திட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? இருக்கமாட்டார். இந்த வாதத்துக்கு நானும் தலைவணங்குகிறேன்.

பேராசிரியர் ஷா அத்துடன் விடவில்லை. 1952இல் முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தபோது, தாம் எதிர்த்த அதே முறையில் இராஜேந்திர பிரசாத்தை எதிர்த்துத் தாமே நின்றார். பிரசாத்துக்கு 5,07,400, ஷாவுக்கு 92,827. தோற்றது தெரிந்ததே. ஆயினும் போட்டியின்றி ஒருவர் பதவிக்கு வருவதைத் தடுத்த பெருமை பம்பாய்ப் பேராசிரியருக்கு உண்டு.

மேலே கண்ட எண்களைப் பார்த்து, "உறுப்பினர்கள் சில ஆயிரம் பேர்தானே, ஐந்து இலட்சம் வாக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருப்பீர்கள். இனித்தான் கணக்கு.

ஒவ்வோர் உறுப்பினரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. சட்டசபை உறுப்பினரின் மதிப்பைக் காண, மாநிலத்தின் மக்கள்தொகையை அச்சபையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தொகையால் வகுக்க வேண்டும். வரும் ஈவில் எத்தனை ஆயிரம் உள்ளதோ அதுவே ஒரு வாக்கின் மதிப்பு. மீதி ஐந்நூறோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தால் தள்ளிவிட வேண்டும். 55ஆம் விதி இவ்வளவையும் சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். மக்கள்தொகை 4,11,99,168. உறுப்பினர் 234. ஈவு 1,76,064. ஆகவே ஒரு வாக்கின் மதிப்பு 176. மராட்டிய மாநிலத்துக்கு மக்கள்தொகை 5,04,12,235. உறுப்பினர் 288. ஈவு 1,75,042. மதிப்பு 175. இரண்டு மாநிலங்களுக்கும் ஒன்றுதான் வேறுபாடு. நமக்கென்றே அமைந்தாற்போல இருக்கிறதல்லவா?

இந்த மக்கள்தொகை எந்த ஆண்டுக்கு உரியது என்பதை வேண்டுமென்றே இன்னும் சொல்லவில்லை. எண்களைப் பார்த்தவுடனே சிலருக்கு ஐயம் எழுந்திருக்கும். தமிழ்நாட்டில் நான்கு கோடிப் பேர்தானா? ஆம், 1971இல். ஐம்பதாண்டுக்கு முற்பட்ட அந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் 2022இல் திரௌபதி முர்மு தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கான காரணத்துக்குப் பின்னர் வருகிறேன்.

உத்தரப் பிரதேசத்துக்கு மதிப்பு 208, நாட்டிலேயே மிகுதி. கேரளத்துக்கு 152. புதுச்சேரிக்கு 16. கோவாவுக்கு 20. சிக்கிமின் ஈவு 6,557. மீதி ஐந்நூறுக்கு மேல் என்பதால் ஏழாகிவிடுகிறது. மும்பை நகரில் மட்டும் 36 சட்டசபைத் தொகுதிகள். அவற்றின் மொத்த மதிப்பு 6,300. இமாசலப் பிரதேச மாநிலம் முழுவதற்கும் 3,468தான்! சயன் கோலிவாடாவின் உறுப்பினராக 2014 முதல் இருந்துவரும் கேப்டன் தமிழ்ச்செல்வன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர்; அவருடைய வாக்கின் மதிப்பு 175. அவர் ஊரிலேயே இருந்து அங்கே சட்டசபைக்குப் போயிருந்தால் 176.

பாராளுமன்ற உறுப்பினரின் மதிப்பு வேறு வகையில் வரும். எல்லா மாநிலங்களின் வாக்கு மதிப்பையும் கூட்டி, 776ஆல் வகுக்க வேண்டும். 2022இல் கூட்டுத்தொகை 5,43,231, வகுத்தால் 700. இதன் பயனாக மாநிலங்களெல்லாம் சேர்ந்து ஒரு தட்டிலும் பாராளுமன்றம் மறு தட்டிலும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். 2017இல் இதே மதிப்பு 708ஆக இருந்தது. இடையில் எட்டுக் குறைந்ததேன் என்றால், 2022இல் ஜம்மு காசுமீரத்துக்குச் சட்டசபை இல்லை. ஒரு மாநிலத்தின் சபை மறைந்தால் நாட்டின் ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினரின் வாக்கும் சற்று இளைத்துவிடுகிறது. 2024இல் அங்கே மீண்டும் தேர்தல் நடந்து சபை அமைந்திருக்கிறது; அதையும் கணக்கில் சேர்த்தால் அது மறுபடி ஏறக்கூடும். தாராவித் தொகுதியிலிருந்து நெடுங்காலம் சட்டசபைக்குச் சென்ற வர்ஷா கெய்க்வாட் 2024இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 175 பெற்றிருந்த அதே கை இப்போது எழுநூறு அளவில் பெறும்.

நிற்க. 1971 கணக்குக்கு வருவோம்.

என் பாட்டனார் தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு வேலை தேடி, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1960களில் வந்தவர். 1971 ஏப்ரல் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நாடெங்கும் தலை எண்ணியபோது அவரும், என் பாட்டியும், மூன்று வயதான என் தந்தையாரும் தாராவியில் இருந்தார்கள். ஆகவே அம்மூவரும் 5,04,12,235 என்ற எண்ணுக்குள்ளே இருக்கிறார்கள். என் தாயார் அப்போது ஊரில் கைக்குழந்தை. அவர் 4,11,99,168க்குள்ளே இருக்கிறார். தந்தையார் 175ஐச் சேர்ந்தவர், தாயார் 176ஐச் சேர்ந்தவர் என்று வீட்டில் சொன்னேன். தாயாருக்கு ஒன்று கூடுதல் என்பதில் பெருமகிழ்ச்சி. நானும், இதைப் படிக்கும் நண்பர்களாகிய நீங்களும் 1971க்குப் பின் பிறந்தவர்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் கணக்கில் நாம் எந்த எண்ணுக்குள்ளும் இல்லை.

இங்கே ஒன்று தெளிவாகும். புலம்பெயர்ந்தவன் தமிழன் என்பது கணக்கெடுப்பவருக்குத் தாய்மொழி என்ற கட்டத்தில் மட்டுமே தெரியும். வாக்கின் மதிப்புக் கணக்கில் அவன் தங்கியிருக்கும் மாநிலத்தானே ஆவான். தாராவியில் எண்ணப்பட்ட ஒவ்வொரு தமிழனும் மராட்டியத்தின் எடையைச் சிறிது கூட்டித் தமிழ்நாட்டின் எடையைச் சிறிது குறைத்தவன். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உண்ணும் இடத்தில்தான் இலை போடுவார்கள்.

இனி, வாக்குச்சீட்டு. ஒருவருக்கு நேரே முத்திரை குத்திவிட்டுப் போவதன்று இது. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். முதல் விருப்பம் கட்டாயம். மற்றவை அவரவர் இட்டம். எண்ணை எண்ணாகவே எழுத வேண்டும் என்பது விதி. ரோமானிய எண்ணோ, இந்திய மொழி எதிலும் வழங்கும் எண்ணோ ஆகலாம். ஆகவே தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் 'க', 'உ' என்று தமிழெண் இட்டாலும் செல்லும். 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால்தான் எழுதவேண்டும். பாராளுமன்ற உறுப்பினருக்குப் பச்சைச் சீட்டு, சட்டசபை உறுப்பினருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. இத்தனை சொல்லியும் 2022இல் 53 வாக்குகள் செல்லாமற் போயின. அவற்றில் 15 பாராளுமன்ற உறுப்பினர்களுடையவை! சட்டம் இயற்றுவோருக்கே சீட்டில் எண் இடத் தெரியாவிட்டால், நம் செய்முறைத் தேர்வில் நாம் செய்யும் பிழைகளைப் பேராசிரியர்கள் சற்று மன்னிக்கலாம்.

வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிகள் டில்லிக்குப் போகும். 2022இல் விமானத்தில் பெட்டிக்கென்றே தனி இருக்கைக்குப் பயணச்சீட்டு எடுத்து, அதிகாரியின் பக்கத்தில் அமர்த்திக் கொண்டுபோனார்கள்.

செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பை இரண்டால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் வெற்றி வரம்பு கிடைக்கும். அதை எவரும் எட்டாவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் குறித்துள்ள அடுத்த விருப்பப்படி மற்றவர்க்குப் பிரித்துத் தருவார்கள். வரம்பை ஒருவர் எட்டும்வரை, அல்லது ஒருவரே எஞ்சும்வரை இது தொடரும். இம்முறை இதுவரை ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது, 1969இல். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை.

1969 மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். துணைத் தலைவர் வி. வி. கிரி பொறுப்பேற்றார். காங்கிரசில் அப்போது இரண்டு அணிகள். காமராசரும் நிஜலிங்கப்பாவும் அவர்களைச் சேர்ந்த மூத்த தலைவர்களும் ஒரு பக்கம். பிரதமர் இந்திரா காந்தி மறுபக்கம். பெங்களூரில் கூடிய காங்கிரசுத் தலைமை நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. அவருடைய வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்திட்டவர் இந்திரா காந்தியே. கிரி ஜூலை 20ஆம் நாள் பதவி விலகிச் சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை நிறுத்தின. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர். பின்பு மத்திய நிதியமைச்சர். 1956இல் பம்பாய் நகரின் எதிர்காலம் பற்றிய மத்திய அரசின் முடிவை எதிர்த்து அமைச்சர் பதவியையே துறந்தவர். இவர்களோடு இன்னும் பலர். மொத்தம் 15 வேட்பாளர்கள்.

நிஜலிங்கப்பா செய்ததை இம்முறையை அறிந்தவர்களே நன்கு உணர முடியும். சுதந்திராவும் ஜனசங்கமும் தம் இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்கு இடவேண்டும் என்று அக்கட்சித் தலைவர்களிடம் பேசினார். கணக்குப்படி மிகச் சரியான வேலை. அரசியல்படி அதுவே வினையாயிற்று. எதிர்க்கட்சியோடு உறவாடுகிறார்கள் என்று சொல்லி, காங்கிரசார் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார் இந்திரா காந்தி. இத்தேர்தலில் கொறடா ஆணையிட்டு உறுப்பினரைக் கட்டுப்படுத்த முடியாது; வாக்கும் மறைவாக்கு. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி தலைமையில் ஆட்சியிலிருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது.

ஆகஸ்டு 16இல் வாக்குப்பதிவு. 20இல் எண்ணிக்கை. செல்லத்தக்க மதிப்பு 8,36,337, வரம்பு 4,18,169. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. மூவருமே வரம்பை எட்டவில்லை. எஞ்சிய பன்னிருவரையும் பிறகு தேஷ்முக்கையும் நீக்கிச் சீட்டுகளைப் பிரித்தார்கள். முடிவில் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427.

இவ்வெண்களைத் தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். பிரித்ததில் ரெட்டிக்குச் சேர்ந்தது 91,879. கிரிக்குச் சேர்ந்தது வெறும் 18,562. ஆக நிஜலிங்கப்பாவின் பேச்சு வீண்போகவில்லை. தேஷ்முக்கின் ஆதரவாளர் பெரும்பாலும் சொன்னபடியே செய்தார்கள். ஆனால் கிரிக்கு வேண்டியிருந்தது 16,654 மட்டுமே. வரம்புக்கு மேல் அவர் பெற்றது 1,908. ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மதிப்பு அப்போது 576. ஆகவே மூன்று நான்கு பேரின் வாக்குக்குச் சமம். இன்னொன்று: இருவர் பக்கமும் சேராமல் 10,833 கழன்றுவிட்டது. அடுத்த விருப்பத்தை எழுதாமல் விட்டவர்களின் சீட்டுகள் அவை. இரண்டாம் எண்ணை இடுவதும் விடுவதும் அவரவர் இட்டம் என்றேன் அல்லவா? அந்த இட்டத்தின் எடை இது. அவ்வாண்டு நவம்பரில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. தேர்தலை எதிர்த்து வழக்கும் நடந்து, பதவியிலிருந்த குடியரசுத் தலைவரே 1970இல் உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தார்.

அதன்பின் இத்தனை நெருக்கம் வந்ததில்லை. 1977இல் 37 மனுக்கள் வந்தன. 36 தள்ளுபடியாகி, முன்பு தோற்ற சஞ்சீவ ரெட்டியே போட்டியின்றி வந்தார். விளையாட்டாக நிற்போரைத் தடுக்க விதிகளும் இறுகின. 1997 முதல் முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர், 15,000 ரூபாய் வைப்புத்தொகை. அந்த 1997 தேர்தலிலேயே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று நடந்தது. கே. ஆர். நாராயணனை எதிர்த்து நின்றவர் டி. என். சேஷன், பாலக்காட்டுத் தமிழர். அவரை ஆதரித்த கட்சி சிவசேனை! 1966இல் தோன்றிய காலத்தில் இந்நகரத்துத் தென்னிந்தியர்களுக்கு எதிராக அக்கட்சி முழங்கியதை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாராயணனுக்கு 9,56,290; சேஷனுக்கு 50,631. 2002இலோ போட்டியிட்ட இருவருமே தமிழ் மண்ணில் பிறந்தவர்கள்: இராமேசுவரத்து அப்துல் கலாம், சென்னையில் பிறந்த கேப்டன் இலட்சுமி சேகல். 9,22,884க்கு 1,07,366 என்று கலாம் வென்றார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் படித்தவர் வென்றதில் விஞ்ஞான மாணவனாகிய எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நேதாஜியின் படையில் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கியவரை எதிர்த்துக் கை உயர்த்தவும் மனம் வரவில்லை. நல்லவேளை, நமக்கு வாக்கில்லை.

பிற நாடுகளைப் பற்றி ஓரிரு வார்த்தை. சிங்கப்பூரில் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2023இல் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் அவ்வாறு வந்தவர். இலங்கையிலும் நேரடித் தேர்தல்தான், ஆனால் அங்கே அதிபருக்கு உண்மையான அதிகாரம் உண்டு. வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024இல் எவருக்கும் பாதி கிடைக்காததால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணி அநுர குமார திசாநாயக்கவை அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர் தம் சீட்டில் இரண்டாம் எண்ணை இடுவது எதற்கு என்பது அன்றுதான் அங்கே பலருக்கு விளங்கியிருக்கும். நமக்கு அது விளங்கி ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

முன்னே தள்ளிவைத்த கேள்வி இனி. 1971 ஏன்? 1976இல் வந்த 42ஆம் திருத்தம், 2000க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை 1971இன் எண்ணையே வைத்துக்கொள்ளச் சொன்னது. 2001இன் 84ஆம் திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கேட்டு நடந்த மாநிலம், அப்படி நடந்ததாலேயே தன் பலத்தை இழக்கக் கூடாது என்பது கருத்து. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள்.

புதிய எண்ணைப் புகுத்தினால் என்ன ஆகும்? 2011இன் கணக்கை வைத்துச் சோதித்தேன். தமிழ்நாடு 7,21,47,030, 234ஆல் வகுத்தால் மதிப்பு 308. மராட்டியம் 11,23,74,333; 288ஆல் வகுத்தால் 390. ஒன்றே ஒன்றாக இருந்த வேறுபாடு எண்பத்திரண்டு ஆகிவிடுகிறது, அதுவும் திசை மாறி. உத்தரப் பிரதேசம் 496. உறுப்பினர் தொகையைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகாது. உறுப்பினர் கூடினால் ஒவ்வொருவரின் மதிப்பு குறையும், மாநிலத்தின் மொத்தம் அப்படியே நிற்கும். ஏனெனில் வகுத்த எண்ணாலேயே மறுபடி பெருக்குகிறோம். மொத்தம் என்பது மக்கள்தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

ஆகவே பங்கைத்தான் பார்க்க வேண்டும். 2022இல் சட்டசபைகளின் மொத்த மதிப்பில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஏழரை. 2011 கணக்கை வைத்தால் அது ஏறத்தாழ ஆறாகிறது. மராட்டியத்தின் பங்கோ நூற்றுக்கு ஒன்பதுக்குச் சற்று மேல்; புதுக் கணக்கிலும் அதே ஒன்பதுக்குச் சற்று மேல். அசையவே இல்லை! இம்மாநிலத்திலும் பிறப்பு விகிதம் குறைந்துதானே வந்திருக்கிறது என்று முதலில் வியந்தேன். காரணங்களுள் ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. பிறப்பால் குறைந்ததை இரயிலால் வந்து நிரப்பியவர்கள் உண்டு. தாதர் நிலையத்தில் இறங்கியவர்களுள் நம்மவர் எத்தனை பேர்!

ஐம்பதாண்டுக்கு முந்திய அளவீட்டை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதினால் எந்த வழிகாட்டியும் ஏற்கமாட்டார். அந்த வகையில் 1971ஐ என்றென்றும் கட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. இன்று உயிரோடிருக்கும் இந்தியரில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் இல்லாதவர்கள். மறுபுறம், சொன்னதைக் கேட்ட மாநிலத்துக்குத் தண்டனை என்பதையும் ஏற்க மனமில்லை. மக்களவை இடங்களைப் பற்றிய பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. அதை வேறு ஒருவர் எழுதட்டும். குடியரசுத் தலைவர் தேர்தலைப் பொறுத்தமட்டில் என் கருத்து இது: மக்களின் நேரடிக் குரல் பிரதமரைத் தரும் மக்களவையில் ஏற்கெனவே ஒலிக்கிறது. தலைவர் மாநிலங்களுக்கும் சேர்த்துத் தலைவர். ஆகவே அவரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் மட்டுமாவது மாநிலங்களின் இன்றைய பங்கைக் காத்து வைக்க இன்னொரு திருத்தம் செய்வதில் தவறில்லை. இதை மறுப்போர் நம் மன்றத்திலேயே இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "எங்கள் ஊரில் பிறந்த குழந்தை அரைத் தலையா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு என் கணக்கில் விடை இல்லை.

முர்மு அவர்களின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அதற்குள் புதிய கணக்கெடுப்பின் எண்கள் முறைப்படி வெளியாவது அரிது. ஆகவே அடுத்த தேர்தலும் பெரும்பாலும் என் தந்தையாரின் 175ஐயும் தாயாரின் 176ஐயும் கொண்டே நடக்கும். அதற்கடுத்த தேர்தலில்தான் நம் தலைமுறை எண்ணுக்குள் நுழையக்கூடும். கணக்கெடுப்பவர் விடுதிகளுக்கும் வருவார். கணக்கெடுக்கும் காலத்தில் ஒருவர் வழக்கமாக எங்கே தங்குகிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார். சேலத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து நம் விடுதியில் தங்கிப் படிப்பவரும் மராட்டியத்தின் எண்ணில்தான் சேர்வார். தாய்மொழி என்ற கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதை மட்டும் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.